பிள்ளையை மட்டும் அனுப்பி வைத்தால் போதுமா?

மனநலம் என்ற சொல் இன்று நம் காதுகளில் அடிக்கடி விழுகின்றது. பள்ளிக்கூடச் சுவர்களில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டுள்ளன. பல்கலைக்கழகங்களில் அதற்கென ஒரு வாரமே ஒதுக்கி விழா எடுக்கின்றோம். இவை அனைத்தும் நல்ல முயற்சிகளே. ஆனால், கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் சிறுபட்டணங்களிலும் வளர்ந்த என் போன்றோருக்கு நன்கு தெரிந்த ஒரு விஷயம் அச்சுவரொட்டிகளில் இடம்பெறுவதில்லை. பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்கிறது என்று தெரியவரும்போது, நாம் அப்பிள்ளையை மட்டும் தனியாகப் பிரித்து எங்கேயாவது அனுப்பி வைக்கிறோம். ஆலோசக ஆசிரியரின் அறைக்கு, அரசாங்கக் கிளினிக்கிற்கு, முனீஸ்வரர் கோயில் பூசாரியிடம், இல்லையென்றால் வேறு ஊரில் இருக்கும் பாட்டி வீட்டிற்கு. குடும்பம் வாசலுக்கு வெளியே காத்திருக்கிறது. 'சரியாகிவிட்டதா?' என்று கேட்கிறது. வாகனம் பழுது பார்க்கும் பட்டறையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு வந்து கேட்பதுபோல.

குடும்பத்தையும் அந்த அறைக்குள் அழைக்க வேண்டும், அதுவும் தமிழிலேயே பேச வேண்டும் என்பதுதான் நான் இக்கட்டுரையில் முன்வைக்க விரும்பும் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எல்லாப் பிள்ளைகளும் சாக விரும்புபவர்கள் அல்லர். பலர் சொல்லத் தெரியாத ஒரு வேதனையைச் சற்று நேரம் அடக்குவதற்காகவே அப்படிச் செய்கின்றனர் என்று மனநல மருத்துவர்கள் கூறுகின்றனர். அதற்காக இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு முறை காயப்படுத்திக்கொண்டவர் மீண்டும் அவ்வாறு செய்யும் வாய்ப்பும், பின்னாளில் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அவருக்கு அதிகம். ஆகவே, "சும்மா நடிக்கிறாள்", "எல்லாம் போன் பார்த்துக் கெட்டுப் போனது" என்று சொல்லித் தள்ளிவிடுவதும் தவறு. போலீஸ் கேஸ்போல வீட்டையே அதிரவைப்பதும் தவறு.

நாட்டின் நிலவரம் என்ன? 2017ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்திய தேசிய ஆய்வில், அதற்கு முந்திய ஓராண்டுக் காலத்தில் தற்கொலை எண்ணம் வந்ததாகக் கூறியவர்கள் 10 விழுக்காட்டினர். முயன்று பார்த்ததாகக் கூறியவர்கள் 6.9 விழுக்காட்டினர். அதே ஆய்வு 2022இல் மீண்டும் நடத்தப்பட்டபோது, நாடு முழுவதும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பதிலளித்தனர். எண்ணம் வந்தவர்கள் 13.1 விழுக்காடாகவும், முயன்றவர்கள் 9.5 விழுக்காடாகவும் உயர்ந்திருந்தனர். நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. 40 பேர் உள்ள ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த வகுப்பில் மூன்று, நான்கு பேர் அந்த ஓராண்டில் சாக முயன்றிருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'வந்துள்ளார்' என்றுதான் குறிக்கப்பட்டிருக்கும்.

இந்திய சமுதாயத்தைப் பொறுத்தமட்டில், இந்நாட்டில் தற்கொலை செய்துகொள்வோரில் நெடுங்காலமாகவே நம் எண்ணிக்கை மக்கள் தொகையில் நமக்குள்ள பங்கைவிடக் கூடுதலாகவே இருந்து வந்துள்ளது. இது புதிய செய்தியன்று. மனநல மருத்துவர் டி. மணியம் கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் ஆராய்ந்து 1988இலேயே எழுதிவிட்டார். நாமோ ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் படித்துவிட்டு, 'இன்றைய பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை' என்று சொல்லிக் கடந்து போகிறோம்.

சட்டமும் நெடுங்காலம் நமக்குச் சாதகமாக இல்லை. தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவின்படி தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும் என்றிருந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மக்களவை அப்பிரிவை நீக்க ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தோட்டத்து வீடுகளில் இருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? 'ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போலீஸ் வரும், பெயர் கெடும், பெண்பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகாது' என்ற பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. சட்டம் மாறிய செய்தி கோலாலம்பூரிலிருந்து கோலக்கெட்டிலுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். அப்பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். இரண்டாம் படிவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு மாணவி எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டையே அணிந்து வருவாள். உடற்கல்விப் பாடத்தின்போது அவள் கையில் இருந்த தழும்புகளை ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டார். அவளை அனுப்பியது ஆலோசக ஆசிரியரிடம் அன்று, கட்டொழுங்கு ஆசிரியரிடம். மறுநாள் காலையில் அவளுடைய அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு, இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வந்து அலுவலகத்தின் வெளியே உள்ள நாற்காலியில் அமர்ந்திருந்தார். உள்ளே மலாய் மொழியில் சொல்லப்பட்டதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மீதியை அந்த மாணவியே அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். தன்மேல் வைக்கப்பட்ட புகாரைத் தானே மொழிபெயர்த்தாள். அடுத்த வாரம் அவள் வேறு ஊரில் இருந்த பாட்டியிடம் அனுப்பப்பட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். அம்மா கெட்டவர் அல்லர். பிள்ளையைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அவரை யாரும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, 'அம்மா, வீட்டில் என்ன நடக்கிறது? உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

குடும்ப சிகிச்சை என்பது அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. பெயரைக் கேட்டதும் பலர் பயப்படுகின்றனர். 'அப்படியென்றால் எங்கள் மேல்தான் தப்பு என்கிறார்களா?' என்று நினைக்கின்றனர். உண்மையில் அங்கே குற்றவாளி யார் என்று தேடுவதில்லை. ஒரு வட்டத்தைத் தேடுகிறார்கள். பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது, அதைப் பார்த்து அம்மா அழுகிறார், அம்மா அழுவதைப் பார்த்து அப்பா கத்துகிறார், அப்பா கத்தியதும் அண்ணன் மோட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான், வீடு அமைதியாகிறது, பிள்ளை அறைக்குள் மீண்டும் தனியாகிறது. இந்த வட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்குச் சரியென்று பட்டதைத்தான் செய்கின்றனர். ஆனாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிகிச்சையாளர் அனைவரையும் ஒன்றாக அமர்த்தி, எந்த இடத்தில் யார் ஓர் அடி மாற்றி வைக்க முடியும் என்று அவர்களையே கண்டுபிடிக்க வைக்கிறார். அப்பா கத்துவதற்குப் பதிலாகக் கதவருகே வந்து அமர்ந்தால் என்ன ஆகும்? அண்ணன் அன்றிரவு வெளியே போகாமல் இருந்தால் என்ன ஆகும்? கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இது நடந்ததே இல்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கை டயமண்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஒரு முறை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் அறுந்துபோன பிணைப்பைச் சீர்செய்வதே அதன் அடிப்படை. முதல் சந்திப்பிலேயே சிகிச்சையாளர் பிள்ளையிடம், இவ்வளவு வேதனை இருந்தபோது உன் அம்மா அப்பாவிடம் ஏன் போகவில்லை, எது உன்னைத் தடுத்தது என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற கேள்விக்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு! முதலாவதற்குப் பிள்ளை பதில் சொல்லாது. இரண்டாவதற்குப் பதில் வரும். அந்தப் பதில் பெற்றோருக்கு வலிக்கும். ஆகவே, அடுத்த சில வாரங்கள் பிள்ளையைத் தனியாகவும் பெற்றோரைத் தனியாகவும் சந்தித்து, அந்த உரையாடலுக்கு இருதரப்பையும் தயார் செய்துவிட்டுத்தான் மீண்டும் ஒன்றாக அமரவைக்கின்றனர். பெற்றோருடன் தனியாகப் பேசும்போது அவர்கள் வளர்ந்த கதையைக் கேட்கின்றனர். பால்மரம் வெட்டிய தாத்தாவின் கையால் அடிவாங்கி வளர்ந்த ஓர் அப்பாவிடம், 'உங்களுக்குப் பதினைந்து வயதில் அழுகை வந்தால் யாரிடம் போவீர்கள்?' என்று யாராவது இதுவரை கேட்டிருப்பார்களா?

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் முறை, நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு வேலூரை நினைவுபடுத்த விரும்புகிறேன். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, 1957இல் பாகாயத்தில் ஒரு மனநல மையத்தைத் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அதற்கு வித்திட்டவர். அங்கே நோயாளியைத் தனியே பூட்டிவைக்கும் வழக்கத்திற்கு மாறாக, குடும்பத்தினரில் ஒருவரும் உடன் தங்க வேண்டும் என்று வைத்தார்கள். அவர்கள் சேர்ந்தே தங்கினார்கள். நோயைப் பற்றிச் சேர்ந்தே கற்றார்கள். அதற்கும் முன்பே பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். மேல்நாடுகளில் பெரிய மருத்துவமனைகளில் நோயாளிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்திருந்த காலம் அது. ஆக, குடும்பத்தையும் சேர்த்துக் குணப்படுத்தும் எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. நாம்தான் கப்பலேறி வந்தபோது அதை எங்கோ விட்டுவிட்டோம்.

இனி நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குடும்ப சிகிச்சை செய்தால் காயப்படுத்திக்கொள்வது நின்றுவிடும் என்று நான் எழுதினால் அது பொய். இங்கிலாந்தில் 'ஷிஃப்ட்' என்ற பெயரில் மிகப் பெரிய ஆய்வொன்று நடந்தது. குறைந்தது இரண்டு முறை தம்மைக் காயப்படுத்திக்கொண்ட, 11 முதல் 17 வயதுக்குட்பட்ட 832 பிள்ளைகள் அதில் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு லீட்ஸ் நகரில் வகுக்கப்பட்ட குடும்ப சிகிச்சை முறையும், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையும் அளிக்கப்பட்டன. 2018இல் முடிவு வெளிவந்தது. அடுத்த 18 மாதங்களில் மீண்டும் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் குடும்ப சிகிச்சை பெற்றோரில் 28 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 25 விழுக்காடு. அதாவது, பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. டயமண்டின் முறைகூட 2010இல் 66 பிள்ளைகளிடையே நல்ல பலனைக் காட்டியது. ஆனால் 2019இல் 129 பேரிடையே இன்னொரு நல்ல சிகிச்சையோடு ஒப்பிட்டபோது இருதரப்பும் சமமாகவே முன்னேறின.

இந்த எண்களைப் படித்ததும் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. இங்கிலாந்தின் அந்த 'வழக்கமான சிகிச்சை' என்பது என்ன? பிள்ளைகளுக்கென்றே அமைந்த மனநல நிலையம், பயிற்சி பெற்ற குழு, தாய்மொழியில் பேசும் சிகிச்சையாளர். அங்கே வழக்கமான சிகிச்சையிலும் பெற்றோர் சேர்க்கப்படுவது உண்டு. பாடாங் செராயிலோ குரூணிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு 'வழக்கமானது' என்பது கட்டொழுங்கு ஆசிரியரும் பாட்டி வீடும்தான். நல்ல சோற்றையும் இன்னொரு நல்ல சோற்றையும் ஒப்பிட்டு இரண்டும் ஒன்று என்று சொன்னால், அது பட்டினி கிடப்பவனுக்குச் சொன்ன செய்தி ஆகாது.

அதோடு, எந்த வகைக் குடும்பப் பங்கேற்பு பலனளிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பலமுறை தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இன்று ஓரளவு உறுதியான சான்று உள்ள சிகிச்சை டி.பி.டி. என்ற முறையின் இளையோர் வடிவம். டி.பி.டி. முறையை உருவாக்கியவர் மார்ஷா லினஹான் என்ற உளவியலாளர். இளமையில் தாமே அப்படிக் காயப்படுத்திக்கொண்டவர் என்பதை 2011இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். நார்வேயின் ஆஸ்லோவில் 77 பிள்ளைகளிடையே 19 வாரங்கள் நடத்திப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் தடவைகள் குறைந்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பெற்றோரும் பிள்ளையோடு அதே வகுப்பில் அமர்ந்து அதே பாடத்தைப் படிக்கின்றனர் என்பது. கோபம் தலைக்கேறும்போது என்ன செய்வது, பிள்ளை சொல்வதை ஒத்துக்கொள்ளாமலேயே அதன் வேதனையை ஏற்றுக்கொள்வது எப்படி என்றெல்லாம் அப்பாவுக்கும் வீட்டுப்பாடம் உண்டு! பல குடும்பங்கள் ஒன்றாக அமர்வதால், 'நம் வீட்டில் மட்டும்தான் இப்படி' என்ற வெட்கமும் அங்கே குறைகிறது.

ஆஸ்திரேலியாவின் ஆய்வு இன்னும் எளிமையானது. 2013இல் வெளிவந்த அதில், ஆபத்தில் இருந்த 48 பிள்ளைகளின் குடும்பங்கள் பங்கேற்றன. வழக்கமான சிகிச்சையோடு, ஒரு பகுதியினரின் பெற்றோரை மட்டும் இரண்டு மணி நேரம் வீதம் நான்கு முறை சந்தித்துப் பேசினர். பதின்ம வயது என்றால் என்ன, சண்டையை எப்படிக் குறைப்பது, பெற்றோர் தம் மன உளைச்சலை எப்படிச் சமாளிப்பது, இவ்வளவுதான். குடும்பத்தின் நிலை சீரானது. பிள்ளைகளின் தற்கொலை எண்ணமும் நடத்தையும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், அதை வைத்து வானத்தை வில்லாக வளைக்க முடியாது. ஆயினும் நான்கு சந்திப்புகள் என்ற எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். இங்கே 'குடும்பம்' என்றால் யார்? ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், லயத்து வீடுகளில் இருந்தவர்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும். யாராவது ஓர் ஆயா வந்து கதவைத் தட்டுவார். அது தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாமானில் கதவைத் தட்ட யாருமில்லை. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வேன் விடியற்காலையில் வந்து ஏற்றிப் போகிறது. அப்பா லாரி ஓட்டுகிறார் அல்லது சிங்கப்பூரில் இருக்கிறார். பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் பாட்டி. அப்படியானால் சிகிச்சை அறையில் இருக்க வேண்டியவர் பாட்டிதான். 'பெற்றோர் இருவரும் வேலைநாளில் காலை பத்து மணிக்கு வரவும்' என்று கடிதம் அனுப்பினால், ஒரு நாள் சம்பளத்தையும் வருகைப் படித்தொகையையும் இழந்து எத்தனை முறை அவர்களால் வரமுடியும்? முதல் முறை வருவார்கள். மூன்றாவது முறை வரமாட்டார்கள். பிறகு 'இந்தியப் பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று எழுதி வைப்பார்கள்.

மொழிச் சிக்கல் இதைவிடப் பெரிது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எங்களில் பலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் படித்துவிட்டுத்தான் முதலாம் படிவத்துக்குப் போனோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு வரும் உணர்ச்சிகளுக்கெல்லாம் எங்களுக்குக் கிடைத்த பெயர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். 'தெக்கானான்', 'ஸ்ட்ரெஸ்', 'டிப்ரெஷன்' என்போம். வீட்டில் அம்மாவிடம் சொல்லும்போது அது 'தலைவலி' ஆகிவிடும். அம்மாவும் பெனடால் கொடுத்துப் படுக்கச் சொல்வார். 'மனச்சோர்வு' என்று நாம் கட்டுரையில் எழுதுகிறோமே, அந்தச் சொல்லைச் சொல்லி எந்தப் பிள்ளையாவது தன் அம்மாவிடம் பேசியிருக்குமா? நம் தோட்டத்து மொழியில் சொற்கள் இல்லாமல் இல்லை. 'மனசு கிடந்து அடிக்குது', 'ஒண்ணும் புடிக்கல', 'உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது' என்பார் பாட்டி. அவை மருத்துவச் சொற்களைவிடத் துல்லியமானவை என்பது என் எண்ணம். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாதபோது, நான் பள்ளியில் கண்டதுபோல, அந்தப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறது. அம்மா சொன்னதில் எதை விடுவது, எதைச் சொல்வது என்று பதினான்கு வயதுப் பிள்ளை முடிவு செய்கிறது. அதற்குப் பெயர் குடும்ப சிகிச்சை அன்று.

இங்கே ஒரு முக்கியமான மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீடே காயத்துக்குக் காரணமாக இருந்தால்? குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, தொடக்கூடாத இடத்தில் தொடும் மாமா இருக்கும் வீட்டில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்வது பிள்ளையை ஆபத்தில் தள்ளுவதாகும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். எந்த நல்ல சிகிச்சையாளரும் முதலில் பிள்ளையைத் தனியாகச் சந்தித்துத்தான் பேசுவார். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, கொடுமை நடந்திருப்பதாக நம்பும் மருத்துவரும் குடும்ப உறுப்பினரும் அதைப் புகார் செய்தே ஆகவேண்டும். 'வீட்டு விவகாரம்' என்று மூடிமறைக்க அச்சட்டத்தில் இடமில்லை. 15999 என்ற எண்ணில் தாலியான் காசே 24 மணி நேரமும் செயல்படுகிறது. அத்தகைய வீடுகளில் 'குடும்பம்' என்பது அந்தக் கொடுமைக்குத் துணைபோகாத ஒரு சித்தியாகவோ அத்தையாகவோ இருக்கலாம். அவரை அழைக்கலாம்.

குடியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் இதே கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை என்ற இளைஞர் அமைப்பு கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. நிர்வாகத்தையும் போலீசையும் எதிர்கொண்டு, உயிரிழப்பும் சிறைவாசமும் கண்டது. வீட்டுக்குள் நடக்கும் துன்பம் வீட்டுக்காரர்களின் தனிப்பட்ட விவகாரம் அன்று என்பதை, பெரும்பாலும் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்திராத அந்த இளைஞர்கள் புரிந்துவைத்திருந்தனர். பட்டப்படிப்புப் படிக்கும் நாம் ஒரு சுவரொட்டியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வீட்டில் உடனே செய்யக்கூடிய ஒரு காரியமும் உண்டு. அதற்குச் சிகிச்சையாளர் தேவையில்லை. ஆபத்து தெரிந்த வீட்டில் மாத்திரைகள், பூச்சிமருந்து, களைக்கொல்லி ஆகியவற்றைப் பூட்டி வைப்பதோ அகற்றுவதோதான் அது. அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியுள்ளது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின், 1995இல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் பத்தாண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. நம் நாட்டிலோ பாராகுவாட்டுக்கு 2002இல் விதித்த தடையை 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுமையாகத் தடை செய்தார்கள். தோட்டங்களில் அதைத் தெளித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள் என்பதை எண்ணும்போது அந்தத் தாமதம் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

சரி, என்ன செய்யலாம்? கெடாவில் தமிழ்ப்பள்ளிகள் ஏறக்குறைய 60 உள்ளன. வெள்ளி, சனிக்கிழமைகளில் அவற்றின் மண்டபங்கள் சும்மா கிடக்கின்றன. அல்லது நாமே விளையாட்டுப் போட்டி நடத்துகிறோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்கு முன்பே, அவர்களின் பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும் தமிழில் நான்கு சந்திப்புகள் நடத்தலாம். அந்த ஆஸ்திரேலிய முறைபோல. பிள்ளை காயப்பட்டபின் அழைத்தால் அவர்கள் குற்றவாளிபோல வருவார்கள். முன்கூட்டியே, எல்லாப் பெற்றோரையும் அழைத்தால் வெட்கப்பட ஏதுமில்லை. செமிலிங்கில் நம் சமுதாயத்தின் பணத்தில் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்கள் இருக்கின்றனர். சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் ஆலோசகத் துறையும் சமூகப்பணியும் படிப்பவர்கள் இருக்கின்றனர். பயிற்சி பெற்ற ஒருவர் முன்நின்று நடத்த, இவர்கள் துணைநிற்கலாம். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு மாணவர்களாகிய நாமே சிகிச்சை செய்யக் கிளம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆர்வக்கோளாறு இதில் ஆபத்தானது.

மருத்துவமனைகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு. சுங்கைப்பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் உள்ள அரசாங்க மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில், மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது குடும்பங்களுக்கென ஒதுக்க முடியுமா? பிள்ளையைத் தவிர்த்து வேறொருவர் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஒரு விதி வைக்க முடியுமா? செலவு அதிகம் பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல இவை. நம் சட்டமன்ற உறுப்பினர்களும் அரசியல் கட்சிகளும் கோயிலுக்கு மானியம் வாங்கித் தருவதில் காட்டும் வேகத்தில் பாதியைக் காட்டினால் போதும்.

மொழிக் கழகத்துக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் நாம் கலைச்சொற்கள் தொகுக்கிறோம். கணினிச் சொற்கள், வங்கிச் சொற்கள் என்று. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் உறுப்பினர்கள், பெரியவர்கள் மனவேதனையைச் சொல்லும் சொற்களையும் தொடர்களையும் கேட்டு எழுதி வரலாம். பீடோங்கில் ஒரு மாதிரியும் பாலிங்கில் ஒரு மாதிரியும் சொல்லக்கூடும். அவற்றை மலாய் விளக்கத்தோடு ஒரு சிறு கையேடாக்கி, மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, கெடாவின் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியர்களுக்கு அனுப்பலாம். 'மனசு கிடந்து அடிக்குது' என்று ஒரு தாய் சொன்னால் அதன் பொருள் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் 15555 என்ற தாலியான் ஹீல் எண்ணையும், 1970 முதல் இந்நாட்டில் செவிசாய்த்து வரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிடலாம். அச்சுக்கூலிக்கு இவ்வாண்டுப் பொங்கல் விழாவில் மிஞ்சிய பணமே போதும் என்று பொருளாளர் சொல்கிறார். செயலவை முடிவு செய்தால், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரங்களை நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன்.